பட்டு சாய்ந்த பக்கம்

ஹாஜி செய்ஃபுல்லாவின் பட்டுக் கம்பளத்தை நாசமாக்க எனக்கு அரை நிமிடம் போதும். ஒரு கெட்டில் வெந்நீர். நடுவிலிருக்கும் மாதுளைச் சிவப்பு முழுக்க ஓரத்து வெள்ளைக்குள் இறங்கிவிடும்.

ஆனால் நான் வந்தது கம்பளத்தைப் பழிவாங்க அல்ல.

ஈரானில் எங்கள் காஷான் நகரில் பட்டுக் கம்பளத்தை யாரும் சலவைப் பட்டறைக்கு அனுப்புவதில்லை. நானும் என் நாத்தனார் இஷ்ரத்தும்தான் வீடு வீடாகப் போய்த் துவைத்துக் கொடுக்கிறோம். பெரிய வீட்டுப் பெண்களை இங்கே 'கானும்' என்போம், அம்மணி மாதிரி. ஹாஜியின் மனைவி ஃபக்ரி கானும் வாசலிலேயே என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"வெள்ளிக்கிழமை பொண்ணு பார்க்க வராங்க, தூபா. மாப்பிள்ளையோட அம்மா எஃப்பத் கானும் இருக்காளே, அவ கண்ணு ஊசி. ஒரு கறை இருந்தாலும் என் மானம் போச்சு."

"உங்க மானம் என் பொறுப்பு, கானும்."

முற்றத்தில் கம்பளத்தைக் குப்புறப் போட்டு, முதுகை உள்ளங்கையால் தட்டினோம். தூசி உதிர்ந்தது.

அது என் தங்கை நர்குல் நெய்த கம்பளம். ஹாஜியின் பட்டறையில் மூன்று வருடம் உட்கார்ந்து நெய்தாள். தறியிலிருந்து அறுத்து இறக்கிய அன்று, பட்டுநூல் எடை குறைந்தது. நூலை விற்றுத் தின்றது ஹாஜியின் சொந்தத் தம்பி. ஹாஜிக்கும் அது தெரியும். தெரிந்தே அத்தனை பேர் முன்னால் நர்குலைக் கை காட்டி, "திருடி" என்றார். அப்புறம் ஊரில் எவனும் அவளுக்குத் தறி கொடுக்கவில்லை. பெண் கேட்டு வந்தவர்கள் ஹாஜியிடம் விசாரித்தார்கள். "கை சுத்தமில்லை" என்றார். வந்தவர்கள் போனவர்கள்தான். இப்போது பக்கத்து ஊரான கம்ஸரில் பன்னீர் பாட்டிலுக்கு லேபிள் ஒட்டுகிறாள்.

நான் அப்போது தொலைவில், யஸ்த் நகரில் வாழ்க்கைப்பட்டிருந்தேன். ஹாஜிக்கு என் முகம் தெரியாது.

எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. அவளைத் திருடி என்ற அதே வாய், அவள் திருடவில்லை என்று நாலு பேர் நடுவில் சொல்ல வேண்டும்.

ஈர வெள்ளைத் துணியால் சிவப்பை ஒற்றிப் பார்த்தேன். சாயம் ஒட்டவில்லை. பச்சைத் தண்ணீரில் துளி சோப்பு கலந்து, பட்டு சாய்ந்திருக்கும் பக்கமாகவே துடைத்தேன். கடைசி அலசலுக்கு வினிகர்.

"போதும் அண்ணி. கம்பளமா, ஊறுகாயா?" என்றாள் இஷ்ரத். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "பேசாம வெந்நீரை ஊத்திடு. தெரியாம நடந்துபோச்சுன்னு ரெண்டு பேரும் அழுதுக்கலாம்."

"ஊத்தினா நர்குலோட மூணு வருஷம்தான் பாழாகும். அந்தாளு வேற ஒண்ணு வாங்கி விரிச்சுட்டுப் போவான்."

நிழலில் காய்ந்த கம்பளத்தை, கொஞ்சம் ஈரம் மிச்சமிருக்கும்போதே வரவேற்பறையில் விரித்தேன். கதவைச் சாத்திக்கொண்டேன். பட்டு காயும்போது எந்தப் பக்கம் வாருகிறோமோ, அந்தப் பக்கமே படுத்துவிடும். ஒரு பக்கம் சாய்ந்தால் கறுத்துத் தெரியும், மறுபக்கம் சாய்ந்தால் வெளுத்துத் தெரியும். அறையின் தலைமாட்டிலோ கால்மாட்டிலோ நின்றால்தான் அந்த வித்தியாசம். பக்கவாட்டிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒரே சிவப்பு.

அந்த அறையின் கதவு பக்கவாட்டில் இருந்தது. கதவருகே உட்காருவது வீட்டுக்காரர்கள். தலைமாட்டில் உட்காருவது விருந்தாளிகள்.

மென்பிரஷை எடுத்தேன். பூவேலை இல்லாத வெறும் சிவப்பில், முழ அகல எழுத்துகளில், பட்டை எதிர்ப்பக்கமாக வாரி ஒரு பெயர் எழுதினேன்.

"கால் வைக்காதீங்க கானும், இன்னும் ஈரம். வெள்ளிக்கிழமை நானே வந்து திரைச்சீலையைத் திறந்து விடறேன்" என்றேன். ஃபக்ரி கானும் கதவில் நின்றபடியே பார்த்து, புதுசு போல இருக்கிறது என்று பூரித்துப்போனாள்.

வெள்ளிக்கிழமை பிற்பகல். திரைச்சீலையைத் திறந்துவிட்டு வந்த என்னை, வரவேற்பறை தெரியும் அடுப்படியில் தேநீர் ஊற்ற நிறுத்தியிருந்தார்கள். விருந்தாளிகள் சுவரோரமாக நடந்து தலைமாட்டில் அமர்ந்தார்கள். பிஸ்தா உடைபடும் சத்தம். பிறகு அதுவும் நின்றது.

"நர்குல் யாரு?" என்றாள் எஃப்பத் கானும்.

"எந்த நர்குல்?" என்றாள் ஃபக்ரி.

"உங்க கம்பளத்துல படுத்திருக்காளே, அவதான். இங்க வந்து பாருங்க."

துணிக்கடையில் நிறம் பார்ப்பவள் போல ஃபக்ரி கானும் தலையைச் சாய்த்துச் சாய்த்து நடந்து போனாள். படித்தாள்.

"ஹாஜி. யாரு இவ?"

"எனக்கெப்படித் தெரியும்?"

"தெரியாத பொம்பளை பேரா நம்ம வீட்டு நடுவுல இருக்கு? மாசம் ரெண்டு தடவை கம்ஸர் போறீங்களே, பன்னீர் வாங்கவா போறீங்க?"

மாப்பிள்ளையின் அப்பா தொண்டையைச் செருமினார். எஃப்பத் கானும் கைப்பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். எழுந்திருக்க ஒரு நொடிதான் பாக்கி.

நான் தட்டுடன் உள்ளே போனேன்.

"நர்குல் என் தங்கச்சி கானும், கம்ஸர்லதான் இருக்கா. ஹாஜிக்கு அவளை நல்லாத் தெரியும். எப்படித் தெரியும்னு அவரே சொல்லட்டும்."

ஹாஜி என்னைப் பார்த்தார். என் முகத்தில் அவளைக் கண்டுகொண்ட கணம் எனக்கு நன்றாகத் தெரிந்தது. பொய்ப்பழி போட்டவன் என்ற பெயரா, கூத்தியாள் வைத்திருப்பவன் என்ற பெயரா? மகளின் சம்பந்தம் எதைத் தாங்கும் என்று கணக்குப் போட்டார்.

"இதை நெய்தவ" என்றார். "நூல் குறைஞ்சுது. என் தம்பி வித்துட்டான். நான்... அவளைத் திருடின்னு சொன்னேன்."

"அவ திருடினாளா?" என்றேன்.

"இல்ல."

"கேக்கல, ஹாஜி."

"அவ திருடல."

எஃப்பத் கானும் கைப்பையைக் கீழே வைத்தாள். "அந்தப் பொண்ணு வாசல்ல போய் இதைச் சொல்லிட்டு வாங்க. அப்புறம் தேதி பேசலாம்."

நான் தேநீரை வைத்துவிட்டு வந்தேன்.

மறுநாள் காலை பதினொரு மணிக்கு, கம்ஸரின் குறுகிய சந்தில் இனிப்புப் பெட்டியோடு வந்து நின்றார் ஹாஜி. கதவைத் தட்டினார். எதிர்வீட்டு மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த பெண்கள் கையை நிறுத்தினார்கள்.

"நர்குல், நான் சொன்னது பொய்ம்மா. கதவைத் திற" என்றார்.

நானும் அவளும் உள்ளே வெள்ளரிக்காய்க்கு உப்புத் தொட்டுத் தின்றுகொண்டிருந்தோம். நான் எழப் போனேன். நர்குல் என் முக்காட்டு நுனியைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"அவசரமில்லக்கா. சத்தமா சொல்லட்டும். தெருக்கோடி வீட்டுக்கு இன்னும் கேக்கல."