நானூற்றுப் பன்னிரண்டாம் நம்பர் கோட்டு

"நானூத்திப் பன்னிரண்டு. சீக்கிரம்ணே, இருபது நிமிஷத்துல இன்டர்வியூ!" என்று ஒரு பெண் சீட்டை நீட்டினாள். நான் கண்ணாடியைத் தேடுவதற்குள் என் மனைவி கம்பிக்கு அடியில் போய் நின்றுவிட்டாள்.

எங்கள் சலவைக்கடையில் துவைத்துத் தேய்த்ததெல்லாம் வாசலிலிருந்து பின்சுவர் வரை ஒரே கம்பியில், நம்பர் வரிசையில் தொங்கும். அறுநூறு உருப்படி. நான் வாசல் பக்கமிருந்து ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்க்கிறவன். அவளோ, கணக்குப்புலி என்று பெயர் வைத்திருக்கிறேன், நேராக நடுவில் போய் நிற்பாள். அங்கே முந்நூறு தொங்கி, தேடுவது அதற்கு மேற்பட்ட நம்பராக இருந்தால் முன்பாதியைத் திரும்பியும் பார்க்கமாட்டாள். மிச்சத்தில் நடு, அதிலும் நடு.

"எந்தத் துணியா இருந்தாலும் பத்தே பார்வை. நீங்க அறுநூறையும் தடவிக்கிட்டு நில்லுங்க" என்பாள். நானும் விரல்விட்டு எண்ணியிருக்கிறேன். பாழாய்ப்போன பத்தைத் தாண்டியதே இல்லை. இத்தனை வேகத்திலும் என் சட்டை மட்டும் மூன்று வாரமாக அழுக்குக் கூடையில் கிடக்கிறது. அதற்கு நம்பர் கிடையாதாம்.

ஒன்பதாவது பார்வையில் இடத்தைப் பிடித்துவிட்டாள். நானூற்றுப் பதினொன்று. அடுத்தது நானூற்றுப் பதின்மூன்று.

"ஐயையோ, காணோமே!"

அந்தப் பெண்ணின் முகம் சுண்டிப்போனது. "ஆறு மாசமா வேலைக்கு அலையறேன்ணே. இருக்கிறதே அந்த ஒரு கோட்டுதான்."

வேறு வழி தெரியாமல் என் பழக்கப்படி வாசல் பக்கமிருந்து ஆரம்பித்தேன். ஒன்று, இரண்டு, மூன்றாவதாக அந்தக் கறுப்புக் கோட்டு! இன்று வரப்போகிறவர்களின் துணி மூன்றைக் காலையில் நானேதான் முன்னால் மாட்டியிருந்தேன். மாட்டியதைச் சுத்தமாக மறந்து தொலைத்திருக்கிறேன்.

கோட்டில் ஒரு கையை மட்டும் நுழைத்தபடியே அந்தப் பெண் தெருவில் ஓடினாள்.

"ஏங்க, வரிசையைக் கலைச்சா என் கணக்கு எப்படிங்க நிக்கும்?"

"மூணே பார்வை" என்று விரலைக் காட்டினேன்.

முறைத்தாள். அந்த முறைப்புக்குள்ளிருந்து சிரிப்பு எட்டிப்பார்த்தது.

சாயங்காலம் வாசலில் நின்றபடியே, "கெடைச்சிருச்சுண்ணே!" என்று அந்தப் பெண் கத்திவிட்டுப் போனாள். எங்கள் இருவருக்கும் கால் தரையில் இல்லை.

மறுநாள் கடைக்குள் நுழைந்தால் வாசலோரம் புதிதாக ஒரு குட்டிக் கம்பி. மேலே சாக்கட்டியில், 'இன்று வருகிறவர்கள்'. அதில் முதல் ஆளாக, மடிப்புக் கலையாமல், என் சட்டை தொங்கிக்கொண்டிருந்தது.