செவ்வாயும் வியாழனும்

1

இந்தக் கதை ஒரு கூட்டல் கணக்கில் பிறந்தது. பத்தாம் வகுப்பு வருகைப் பதிவேட்டில் நான் போட்ட கூட்டல். அவ்வப்போது கதை எழுதுவேன் என்றாலும் எனக்குச் சோறு போடுவது கணக்கு டீச்சர் வேலைதான். கூட்டல் சரியாகவே இருந்தது. ஆளைத்தான் தவறவிட்டேன்.

2

முதல் வரியே அமையவில்லை.

‘நெட்டைக்கு வாலிபால் என்றால் உயிர்.’ (ஆண்டுவிழா மலரில் வருகிற வரி. வேண்டாம்.)

‘நெட்டை அன்றும் பள்ளிக்கு வரவில்லை, ஏனென்றால்...’ (ஏனென்றால் நான். அதை எழுதக் கை வராமல் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.)

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். நெட்டை என் வகுப்பு மாணவி. கடைசி பெஞ்சு. கணக்கில் இருபத்தொன்று. வாரத்தில் மூன்று நாள் வந்தால் அதிசயம். விளையாட்டுதான் படிப்பைக் கெடுக்கிறது என்று நானே முடிவுகட்டி, அவளை அணியிலிருந்து நீக்கச் சொல்லித் தலைமையாசிரியரிடம் எழுதிக் கொடுத்தேன். மறுவாரமே அடியோடு நின்றுவிட்டாள்.

3

பி.டி. மாஸ்டர் ஸ்டாஃப் ரூமுக்கு வந்து பதிவேட்டை என் முன்னால் விரித்தார்.

“கடைசிக் கட்டத்துல இருக்கற மொத்தத்தை மட்டும்தான் பாப்பீங்களா டீச்சர்? எந்தெந்த நாள் வந்திருக்கான்னு பாருங்க.”

பார்த்தேன். அணியிலிருந்து நீக்கும்வரை செவ்வாய், வியாழன் ஒன்றுகூடத் தவறவில்லை. இரண்டும் வாலிபால் பயிற்சி நாட்கள். இருபது வருடமாகக் கணக்கு சொல்லித்தருகிறவளுக்கு இது கண்ணில் படவில்லை. வெட்கமாக இருந்தது.

(இடைக்குறிப்பு: பந்தைக் கொடுத்தால் எல்லாப் பிள்ளைகளும் பள்ளிக்கு வரும், மார்க் வாங்கும் என்று இதை வைத்து யாரும் கட்டுரை எழுதிவிட வேண்டாம். அதே அணியில் ஒருத்தி நூற்றுக்கு நூறு, இன்னொருத்தி என் மானத்தை வாங்குகிறாள். எனக்குத் தெரிந்ததெல்லாம் பதிவேட்டில் நெட்டையின் முப்பத்தொன்றாம் எண்ணுக்கு நேரே உள்ள ஒரே ஒரு வரிசை.)

4

முடிவு ஒன்று: நெட்டை திரும்பி வந்து தொண்ணூறு வாங்குகிறாள். எழுதும்போதே சிரிப்பு வந்துவிட்டது.

முடிவு இரண்டு: தொடர்ந்து முப்பது நாள் வராதவர்களின் பெயரை நீக்கிவிடுவது எங்கள் பள்ளி விதி. நாளை முப்பதாவது நாள். அவள் வந்ததாக நானே குறித்து... (அடித்துவிட்டேன். பதிவேட்டில் அல்ல, கதையில்.)

5

நடந்ததையே எழுதுகிறேன். இன்று சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போனேன். சலவைக் கடையில் இஸ்திரி போடும் அவள் அம்மா, நாற்காலியிலிருந்த துணிகளை நகர்த்தி உட்காரச் சொன்னார். நாளெல்லாம் சுவரில் பந்தடிக்கிறாள், பக்கத்து வீட்டில் சண்டைக்கு வருகிறார்கள் என்றார். கொல்லைச் சுவரில் ஓரிடத்தில் மட்டும் சுண்ணாம்பு பெயர்ந்து செங்கல் தெரிந்தது.

மறுபடியும் அணியில் சேர்த்தாயிற்று, தலைமையாசிரியர் கையெழுத்துப் போட்டுவிட்டார் என்று காகிதத்தை நீட்டினேன். நெட்டை கையை நீட்டவில்லை.

“அடுத்த பரீட்சையிலயும் ஃபெயிலானா திரும்ப எடுத்துடுவீங்களா மிஸ்?”

படித்தால் ஏன் ஃபெயிலாகப் போகிறாய் என்று மழுப்பினேன். அவள் கொல்லைக்குப் போய்விட்டாள். நான் தெருமுனை திரும்பும்வரை பந்துச் சத்தம் கேட்டது.

6

நாளை செவ்வாய்க்கிழமை.

முடிவை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள், எனக்கு ஒரு மனக்குறையும் இல்லை. அதற்கு முன்னால் அவள் கேட்டதற்கு ஒரு பதில் சொல்லுங்கள். ஒரே வார்த்தை போதும். அதைச் சொல்ல நான் மறுபடியும் அவள் வீட்டுக்குப் போகவேண்டும், காலை மணி அடிப்பதற்குள்.