அழகான வருத்தம்

இளவேனிலுக்கு அது பிடிபடவே இல்லை. வாடிக்கையாளர் நன்றி சொல்லிவிட்டுப் போன உரையாடல்களுக்கு அவளுடைய மதிப்பெண் நாற்பதைத் தாண்டவில்லை. பக்கத்து நாற்காலி நிக்கோலைத் திட்டித் தீர்த்துவிட்டுப் போகிறார்கள், அவளுக்குத் தொண்ணூற்றைந்து.

சலவை இயந்திரப் புகார்களுக்குத் திரையில் ஆங்கிலத்தில் எழுதிப் பதில் சொல்லும் வேலை. காலையில் விவேக் நகர்ப் பெண் ஒருவர், இயந்திரத்துக்குள் தண்ணீர் தேங்கி நிற்பதாக எழுதியிருந்தார். அடிப்பக்க மூலையில் உள்ளங்கையகல மூடி ஒன்று இருக்கும். அதற்குப் பின்னால் வடிகட்டி. சட்டைப்பையில் மறந்துபோன சில்லறை, ஹேர்பின் எல்லாம் அங்கேதான் போய் அடைத்துக்கொள்ளும். எடுத்துவிட்டால் தண்ணீர் தானாக இறங்கும். இளவேனில் அதைத் துண்டு துண்டான ஆங்கிலத்தில் சொன்னாள். சற்று நேரத்தில் அந்தப் பெண் இதயப் படம் அனுப்பினார். மதிப்பெண் முப்பத்தெட்டு.

"ஃபில்டர் ஓப்பன், காயின் ரிமூவ்... என்னம்மா, தந்தியா அடிக்கறே?" டீம் லீடர் ஸ்ரீஹர்ஷா எல்லாருக்கும் கேட்கும்படி, கன்னடம் கலந்த தமிழில் சொன்னான். "கம்பெனிக்கு ஒரு மரியாதை பேடவா, வேண்டாமா?"

"மிஷின் ஓடிடுச்சு சார்."

"மிஷின் ஓடறதுக்கு யாரு மார்க் போடறா? கிருஷ்ணகிரில பஸ் ஏறினா மட்டும் போதாது, கொஞ்சம் கிராமரையும் ஏத்திட்டு வரணும். வெள்ளிக்கிழமைக்குள்ள ஸ்கோர் ஏறலைன்னா அதே பஸ்தான்."

யாரோ சிரித்தார்கள். வெள்ளிக்கிழமைதான் அவளை நிரந்தரமாக்குவதா, அனுப்புவதா என்று முடிவு செய்கிறார்கள்.

கேன்டீனில் நிக்கோல் அவள் தோளைத் தட்டினாள். "நீ எதுக்குமா எழுதறே? நான் எழுதறதே இல்ல. ரெடிமேட் லைன் இருக்கில்ல, கிளிக், கிளிக், முடிஞ்சுது."

மதிப்பெண் போடும் மென்பொருளின் வேலை எளிது. ஊழியர் அனுப்பும் வாக்கியங்களை மட்டும் படிக்கும். பிழைக்குப் பிழை கழிக்கும். நிறுவனம் எழுதி வைத்த வாக்கியங்களில் பிழை கிடையாது, கழிக்கவும் ஒன்றுமில்லை. வாடிக்கையாளர் எழுதுவதை அது படிப்பதே இல்லை. திருத்தி எழுதித் தரும் வேறு மென்பொருள் எதையும் திறக்க முடியாதபடி கணினி பூட்டப்பட்டிருந்தது.

"அப்போ அவங்க துணி?" என்றாள் இளவேனில்.

"நனைஞ்சுதானே கிடக்கு? நாளைக்கும் நனைஞ்சே கிடக்கட்டும்."

மதியம் சந்தாபுராவிலிருந்து ஒருவர் எழுதினார். இயந்திரம் தண்ணீரே எடுக்கவில்லை. மகளின் சீருடை உள்ளே மாட்டிக்கொண்டது, காலையில் பள்ளி. படமும் அனுப்பியிருந்தார். அதில் சுவரோரக் குழாயின் திருகு குறுக்காக நின்றது. குழாய் மூடியிருந்தது, அவ்வளவுதான்.

இளவேனில் 'டேப் ஓப்பன்' என்று தட்டினாள். அழித்தாள்.

முதல் பொத்தானை அழுத்தினாள்: தங்களுக்கு நேர்ந்த சிரமத்துக்கு மனமார வருந்துகிறோம். இரண்டாவது: தங்கள் பொறுமையைப் பெரிதும் மதிக்கிறோம். மூன்றாவது: எங்கள் தொழில்நுட்பப் பணியாளர் அடுத்த வாரம் வருவார்.

அந்த மனிதர் திட்டினார். திரையோரத்தில் மதிப்பெண் தொண்ணூற்றெட்டில் நின்றது. வேலை நிரந்தரமாக வேண்டுமென்றால் குழாயைத் திறக்கச் சொல்லக் கூடாது. அவள் முதல் பொத்தானை மறுபடி அழுத்தினாள்.