மாமனார் பேருள்ள வீரன்

சமீராதான் சொல்லிக் கொடுத்திருக்கான்னு எனக்கு அந்த ஞாயித்துக்கிழமையே தெரிஞ்சு போச்சு. வேற யாரு சொல்லியிருக்க முடியும்? நான் எழுப்பின வீரனோட பேர் தெரிஞ்சவங்க ரெண்டே பேர். ஒண்ணு நான், இன்னொண்ணு அவ. நான் சொல்லல. அப்போ மிச்சம் யாரு, நீங்களே சொல்லுங்க.

விஷயத்தை முதல்லேர்ந்து சொல்றேன். ஞாயிறு மத்தியானம் ரெண்டு மணிக்கு கிர்கிஸ் தலைநகர் பிஷ்கேக்ல சமீரா வீட்டுல ஒரு கதை விளையாட்டுக்காகக் கூடுவோம். நாலாவது மாடி, லிஃப்ட் எப்பவும் ரிப்பேர். ஆட்டத்துல நான், எர்கின், தாலாய் மூணு பேரும் மந்திரவாதிங்க. வெளியில நான் மருந்துக் கடையில நிக்கிறவ, எர்கின் வீடு வீடா இன்டர்நெட் கேபிள் இழுக்கிறவன், தாலாய் பல் டாக்டர். சமீரா கதை நடத்துறவ. பகடையை உருட்டி, மழை பெய்யுதா, பாலம் இடியுதா, யார் செத்தா, யார் பொழைச்சான்னு அவதான் சொல்லுவா. பள்ளிக்கூடத்துல பூகோளம் எடுக்கிறவங்கிறதால அவ போடுற வரைபடம் நிஜ ஊர் மாதிரியே இருக்கும்.

ஆளுக்கொரு பழங்கால வீரனை மண்ணுக்கடியிலேர்ந்து எழுப்பிக் கூட்டிட்டு வந்து மோத விடணும். சமீரா நாற்பது வீரர்களைக் கற்பனை பண்ணி எழுதி வச்சிருக்கா. பட்டியல் எல்லார் கையிலயும் இருக்கு. நாம யாரை எழுப்பினோம்கிறதுதான் ரகசியம். அதைச் சீட்டுல எழுதி அவளோட பிஸ்கட் டப்பாவுல போட்டுடணும். எதிராளி மேஜைமேல கையை வச்சு சரியான பேரைச் சொல்லிட்டான்னா நம்ம வீரன் திரும்ப மண்ணுக்குள்ள போயிடுவான். தப்பாச் சொன்னா சொன்னவனோட வீரன் போயிடுவான். அதனால ஒருத்தர் வாயை ஒருத்தர் பாத்துக்கிட்டேதான் டீயே குடிப்போம்.

எனக்குக் கல்யாணமாகி எட்டு மாசம். மாமியார் நாரின் மலைப் பக்கத்து ஆளு, பழக்க வழக்கத்துல ஒரு நூலளவு விட மாட்டாங்க. மருமக மாமனார் பேரைச் சொல்லக் கூடாது. பேரை மட்டும் இல்ல, அந்தப் பேருக்குள்ள ஏதாவது வார்த்தை ஒளிஞ்சிருந்தா அதையும் சொல்லக் கூடாது. வேற ஏதாவது சொல்லிச் சமாளிச்சுக்கணும். எங்க மாமனார் பேர் ஒரு உலோகத்தோட பேர். எந்த உலோகம்னு கேக்காதீங்க. ஆணி அடிக்கிறோம்ல, அது. மழையில கிடந்தா துருப்பிடிக்கும்ல, அது. முதல் மாசம் ரெண்டு தடவை வாய் தவறிச் சொல்லிட்டு மாமியார் பார்த்த பார்வையில சோறு இறங்கல. அப்புறம் வாய் தானாப் பழகிடுச்சு. கடையில ரஷ்ய மொழியில சொல்லித் தப்பிச்சுக்குவேன். சமீரா மேஜையில அதுவும் முடியாது. அங்க கிர்கிஸ் மொழி மட்டும்தான். ஒரு ரஷ்ய வார்த்தை வந்தாலும் அந்தச் சுத்துக்குப் பகடை கிடையாது.

இப்போ என் கெட்டிக்காரத்தனத்தைக் கேளுங்க. அந்த நாற்பது பேர்ல ஒருத்தன் பேர் அப்படியே எங்க மாமனார் பேர், பின்னால ஒரு ‘கான்’ மட்டும் ஒட்டியிருக்கும். உலைக்களத்துல பொறந்தவன், ஒரே அடியில மலையைப் பிளக்கிறவன். நான் அவனைத்தான் எழுப்பினேன். தூக்கத்துல உலுக்கிக் கேட்டாலும் என் வாயில வராத பேர்! இதைவிட நல்ல பூட்டு எங்க கிடைக்கும்? சீட்டை எழுதி டப்பாவுல போட்டப்போ சமீரா பிரிச்சுப் படிச்சிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தா. “இவனையா? நல்லா யோசிச்சியாடி?”ன்னா. “யோசிச்சுத்தான்”னு சொன்னேன். பெருமை தாங்கல எனக்கு.

அஞ்சு வாரம் நல்லாத்தான் போச்சு. ஆறாவது வாரம் எர்கின் சிரிக்க ஆரம்பிச்சான்.

“பெகிமாய், உன் ஆள் நிக்கிற கோட்டைக் கதவு எதுல செஞ்சது?”ன்னு கேட்டான்.

“கனமான கறுப்புச் சாமான்ல.”

“ஓஹோ. பூட்டு?”

“அதுவும் அதேதான்.”

“சங்கிலி?”

“என்னடா போலீஸ் மாதிரி கேள்வி கேக்கிற? வேலையைப் பாரு.”

அவன் குறிப்பு நோட்டுல ஏதோ எழுதிக்கிட்டு சமீராவைப் பார்த்துச் சிரிச்சான். அவ உடனே குனிஞ்சு பகடையைத் துடைக்கிற மாதிரி பாவனை பண்ணினா.

அன்னிக்கே எர்கின் மேஜைமேல கையை வைக்கப் போனான். விரல் மேஜையைத் தொடப் போற நேரம் சமீரா எழுந்து, “டீ வச்சிருக்கேன், முதல்ல குடிங்க, பொரிச்ச போர்சோக் சூடு ஆறிடும்”னா. ஆட்டத்துக்கு நடுவுல அவ டீ ஊத்தினதே கிடையாது. டீயும் ஜாமும் உள்ள போனதும் எர்கின் யோசிச்சு, “சரி, அடுத்த வாரம் பார்த்துக்கலாம்”னுட்டான். பாருங்களேன், இப்போ வேண்டாம், சந்தேகம் வரும்னு அவனுக்கு சைகை காட்டிட்டாளேன்னு நான் நினைச்சேன்.

அதுக்கப்புறம் எதைப் பார்த்தாலும் அதாவே தெரிஞ்சுது. சமீரா எர்கினோட கார்ல வந்து இறங்கினதைப் பார்த்தேன். “பஸ் வரல, வழியில ஏத்திக்கிட்டான்”னா. பஸ் வரலையாமே! நான் செருப்பைக் கழட்டிட்டு உள்ள வந்தா ரெண்டு பேரும் பேச்சை நிறுத்துறாங்க. போன் பண்ணினா லைன் பிஸி. உடனே எர்கினுக்குப் போட்டுப் பார்க்கிறேன், அவனும் பிஸி. கடையில இருமல் மருந்துக்குப் பதிலா ஒருத்தருக்குக் கண் மருந்தைக் கொடுத்து முதலாளிகிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டேன்.

விளையாட்டுதானே, இதுக்குப் போயி இப்படியான்னு நீங்க கேக்கலாம். வீரன் போனா போறான், அடுத்த மாசம் இன்னொருத்தனை எழுப்பிக்கலாம். எனக்கு அவன் பெருசில்ல. சமீராதான். நாரின் ஹாஸ்டல்ல பதினோரு வருஷம் முந்தி ஒரே கட்டில்ல மேலயும் கீழயும் படுத்தவங்க நாங்க. கல்யாணத்துக்கு அப்புறம் ஞாயித்துக்கிழமை மூணு மணி நேரம் எனக்குன்னு வேணும்னு எங்க மாமியார்கிட்ட வந்து உக்காந்து, மூணு கிண்ணம் நூடுல்ஸ் சூப் குடிச்சு, ஊர்க்கதை பேசி, அனுமதி வாங்கிக் கொடுத்தவ அவ. இந்த ஊர்ல நான் மருமகளா இல்லாம, வெறும் பெகிமாயா இருக்கிறது அவ முன்னால மட்டும்தான். அவளே என்னை வித்துட்டான்னா எனக்கு யாரு இருக்கா? அந்த நினைப்பு வந்தாலே அழுகை வந்துது, கூடவே கோபமும் வந்துது.

கையும் களவுமாப் பிடிக்கணும்னு முடிவு பண்ணினேன். வீரனை மறைச்சு வைக்கிற இடத்தை கதை நடத்துறவகிட்ட முன்கூட்டியே சொல்லணும்கிறது விதி. வியாழக்கிழமை போன் பண்ணி, “ஆத்தங்கரை மாவு மில்லுல வைக்கிறேன்”னு அவகிட்ட மட்டும் சொன்னேன். எர்கின் மில்லுப் பக்கம் வந்தான்னா அவ சொல்லியிருக்கான்னு அர்த்தம்.

ஞாயித்துக்கிழமை எர்கின் எடுத்த எடுப்புலயே, “நான் ஆத்தங்கரைப் பாதையில போறேன்”னான். சமீரா அட்டை மறைப்புக்குப் பின்னால பகடையை உருட்டினா. பார்த்தா. ஒரு நொடி அப்படியே இருந்தா.

“ஆறு விழுந்திருக்கு. பனிப்புயல். பாதை மூடிடுச்சு, திரும்பிப் போ”ன்னா.

“இந்தப் பருவத்துல புயலா?”ன்னு தாலாய் கேட்டான்.

“மலையில எப்ப வேணா வரும். நீ பல்லைப் பாரு, பூகோளத்தை நான் பாத்துக்கிறேன்.”

எர்கின் உதட்டைப் பிதுக்கிட்டு கணவாய்ப் பக்கம் திரும்பிட்டான். நீங்களா இருந்தா அதோட சந்தேகம் தீர்ந்துதுன்னு நினைச்சிருப்பீங்க. எனக்கு அப்பதான் உறுதியாச்சு. நான் வலை விரிச்சதை மோப்பம் பிடிச்சுட்டா! அவனை மில்லு வரைக்கும் வரவச்சு, நான் பார்க்கிறேன்னதும் புயலைக் கிளப்பித் திருப்பி அனுப்புறா. என்னா நடிப்புடா சாமி. அன்னிக்கு ராத்திரி சாப்பாட்டுல உப்பு ரெண்டு தடவை போட்டு மாமியார்கிட்ட திட்டு வாங்கினேன்.

அடுத்த ஞாயிறு நான் அரை மணி நேரம் தாமதம். ரயில் கேட்டை மூடிட்டாங்க, பஸ் நகரல. எங்க மொழியில ரயில் பாதைக்கு ‘அந்த உலோகத்தோட பாதை’ன்னுதான் பேர், அதனால அதையும் நான் சொல்ல முடியாது. மூச்சு வாங்க மாடி ஏறி, “நீளப் பாதையை மூடிட்டான்பா, அதான்”னு சொல்லிக்கிட்டே உக்காந்தேன்.

எர்கின் பளார்னு மேஜைமேல கையை வச்சான். “போதும். நான் பேரைச் சொல்றேன்”னான்.

“சொல்லு, சொல்லு”ன்னேன் நான். நாற்காலியை விட்டு எழுந்துட்டேன். “உனக்கு எழுதியே கொடுத்திருப்பாளே, சொல்றதுக்கு என்ன?”

“யாரு?” தாலாய் போர்சோக்கை வாயில வச்சபடியே கேட்டான்.

“இதோ உக்காந்திருக்காளே, நீதி தேவதை! டப்பாவுல இருக்கிற சீட்டை இவளைத் தவிர யாரு படிச்சா? கார்ல ஒண்ணா வர்றதென்ன, நான் வந்ததும் வாயை மூடுறதென்ன, ஆட்டத்துக்கு நடுவுல டீ ஊத்துறதென்ன! போன வாரம் புயல் நாடகம் வேற!”

சமீரா முகத்துல ரத்தமே இல்ல. “நான் சொல்லியிருப்பேன்னு நீ நினைக்கிறியாடி?”ன்னா.

“நினைக்கல. தெரியும். பதினோரு வருஷமா உன்னைப் போயி நம்பினேன் பாரு, என்னைச் சொல்லணும். இன்னும் எதெதையெல்லாம் யார் யார்கிட்ட வித்தியோ!”

அந்தக் கடைசி வார்த்தையைச் சொல்லியிருக்கக் கூடாது. சொல்லிட்டேன்.

எர்கின் கையை எடுக்காமலே என்னைப் பார்த்தான். “உனக்குப் பைத்தியமா? எனக்கு இவ ஒரு வார்த்தை சொல்லல. நீதான் சொன்னே.”

“நானா!”

“நீயேதான். போன மாசம் எங்க அண்ணன் கல்யாணம் பண்ணிக்கிட்டு வந்தான்ல? எங்கப்பா பேர்ல ‘கல்’ இருக்கு. அண்ணி வந்ததுலேர்ந்து கல்லைத் தவிர எல்லாம் சொல்றாங்க. மூணு வாரம் முந்தி ஒரு நாள் கால்ல கல்லு குத்திடுச்சு, ‘தரையில கிடக்கிறது குத்திடுச்சு’ங்கிறாங்க. அதைக் கேட்டதும்தான் எனக்குப் பொறி தட்டுச்சு, அட, நம்ம பெகிமாயும் இப்படித்தானே பேசுறா! கதவு கறுப்புச் சாமான், பூட்டு கறுப்புச் சாமான், வாளும் ‘அதே சாமான்’. இப்ப வந்ததும் வராததுமா ‘நீளப் பாதை’! எட்டு வாரமா ஒரே ஒரு வார்த்தையை மட்டும் நீ சுத்திச் சுத்திப் போயிட்டிருக்கே. பட்டியல்ல அந்த வார்த்தை இருக்கிற வீரன் ஒருத்தன்தான். ஏன் ஆத்தங்கரைப் பக்கம் வந்தேன் தெரியுமா? உலைக்களத்துக்காரனுக்குக் காய்ச்சினதை முக்கத் தண்ணி வேணும், அது ஓடுற இடமாத்தான் தேடுவான். சரி, தப்புன்னா நிரூபி. உங்க மாமனார் பேர் என்ன? சொல்லு பார்ப்போம்.”

வாயைத் திறந்தேன். நாக்கு மேலண்ணத்துல ஒட்டிக்கிட்டு நின்னுது. என்ன முயற்சி பண்ணியும் வரல. தாலாய் சிரிப்பை அடக்க முடியாம டீயைத் துப்பிட்டான். எர்கினும் சிரிச்சான். அப்புறம் வீரனோட பேரைச் சொன்னான், கணீர்னு. என் வீரன் போயிட்டான். அந்தப் பேரைக் கேட்டதும் வீட்டுல மாதிரியே எனக்குத் தலை தானாக் குனிஞ்சுது.

சமீரா சிரிக்கல. டப்பாவைத் திறந்து சீட்டை எடுத்து நடுவுல வச்சா.

“நீ இதை எழுதிக் கொடுத்த அன்னிக்கே எனக்குப் பயம்தான்”னா. என்னைப் பார்க்காம மேஜையைப் பார்த்துத்தான் பேசினா. “இந்த வார்த்தை இல்லாம இவ எப்படி விளையாடுவான்னு. கதை நடத்துறவ எச்சரிக்கக் கூடாது, அதனால வாயை மூடிக்கிட்டேன். இவன் கண்டுபிடிச்சுட்டான்னு தெரிஞ்சப்போ சும்மா இருக்க முடியல. டீ அதுக்குத்தான். கார்ல வந்தப்போகூட, அவ ஊர்லயே அப்படித்தான் பேசுவாங்க, அதை வச்சு முடிவு பண்ணாதேன்னு இவனைக் குழப்பித்தான் விட்டேன்.”

“ஆமா, சொன்னா”ன்னான் எர்கின். “நான்தான் நம்பல.”

“புயல்?”னு தாலாய் கேட்டான். அவனுக்குச் சிரிப்பு நின்னு போச்சு.

“ரெண்டுதான் விழுந்துது. ஆறுன்னு சொன்னேன். நாலு வருஷத்துல நான் பண்ணின ஒரே கள்ளாட்டம் அது.” பகடையை எல்லாம் பொறுக்கிப் பைக்குள்ள போட்டு தாலாய் பக்கம் தள்ளினா. “எர்கின், தப்புதான், மன்னிச்சுக்கோ. இனிமே நீ நடத்து தாலாய். இந்தப் பகடையை நான் தொடக் கூடாது.”

எனக்கு அந்தத் தரை பிளந்து என்னை விழுங்கிடாதான்னு இருந்துது. “சமீரா, எனக்குத் தெரியாதுடி…”ன்னு ஆரம்பிச்சேன். என்ன சொல்றது? மில்லு விஷயத்துல அவ எனக்காகப் பொய் சொல்லிட்டிருந்த அதே நொடியில நான் அவளை மனசுக்குள்ள திட்டிட்டிருந்தேன்னா?

அவ என் கிண்ணத்தை எடுத்தா. ஆறிப் போயிருந்ததைத் தொட்டியில கொட்டிட்டு, புதுசா ஊத்தி, என் முன்னால வச்சா. வலது கையால, பக்குவமா, விருந்தாளிக்கு வைக்கிற மாதிரி.

“குடிங்க”ன்னா. “வெளியில குளிர் அதிகம். குடிச்சுட்டு மெதுவாக் கிளம்புங்க.”

பதினோரு வருஷத்துல சமீரா என்னை ‘நீங்க’ன்னு பேசினது அதுதான் முதல் தடவை.