தொங்கல் மரத்துக்குக் கீழே

எந்த மரத்தில் கை வைப்பதற்கு முன்பும் ஓடுவதற்கு வழி பார்த்து வைத்துக்கொள்வேன். மரம் விழும் திசைக்கு நேர் பின்னால் ஓடக் கூடாது, அடிமரம் பின்னுக்கு எகிறி உதைக்கும். பின்பக்கமாகச் சாய்வாக விலக வேண்டும். அந்த வழியில் ஒரு சுள்ளி கிடந்தாலும் எடுத்துப் போட்டுவிட்டுத்தான் ரம்ப மெஷினைத் தொடுவேன். "மரம் வெட்ட வந்தியா, தெரு பெருக்க வந்தியா?" என்று அண்ணன் கேலி செய்வான். செய்யட்டும். ஒன்பது வருடமாகப் பத்து விரலோடு இருக்கிறேன்.

சாலையில் விழும் மரங்களை அகற்றும் வண்டியில் நானும் அண்ணனும்தான் ரம்பம் பிடிப்பவர்கள். ஒருவர் அறுத்தால் மற்றவர் தள்ளி நின்று மேலே கிளைகளையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அண்ணனுக்கு இது இருபத்திரண்டாவது வருடம், இன்னும் தினக்கூலி. நிரந்தரம் ஆக்கும் பட்டியலில் அந்த மாதம்தான் அவன் பெயர் ஏறியிருந்தது. பட்டியல் மேற்பார்வையாளர் கையில் இருந்தது.

புயல் அடித்த மறுநாள் ஒரு பெரிய மரம் பாதி வேரோடு பெயர்ந்து, விழாமல், பக்கத்து மரத்தில் கிளை பிரியும் கவையில் சிக்கிச் சாலைக்கு மேலே சாய்ந்து நின்றது. இதைத்தான் தொங்கல் என்போம். பார்க்கச் சாது மாதிரி இருக்கும், எப்போது இறங்கும் என்று அதற்கே தெரியாது. தூரத்தில் நின்று இரும்பு வடத்தால் இழுக்க வின்ச் வண்டி வேண்டும். வண்டி ஊரின் மறுகோடியில் இருந்தது, மறுநாள்தான் வரும்.

பத்து மணிக்கு மேற்பார்வையாளர் வந்தார்.

"மூணு மணிக்குப் பெரிய அதிகாரி இந்த வழியா வர்றார். அதுக்குள்ள ரோடு சுத்தமாகணும்."

"வின்ச் இல்லாம முடியாது சார்," என்றேன்.

"தாங்கிட்டு நிக்குதே, அந்த மரத்தை அறுத்துடுங்க. ரெண்டும் சேர்ந்து விழுந்துடும்."

அவர் சொன்னது சரிதான். இரண்டும் சேர்ந்து விழும், அறுக்கிறவன் தலையில்.

"ரெண்டு நிமிஷ வேலை சார்," என்று அண்ணன் மெஷினைத் தூக்கினான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பட்டியல்தான் அவன் வாயால் பேசுகிறது என்று எனக்குத் தெரியாதா?

"அண்ணே, அதைக் கீழ வை."

"நீ சும்மா இரு. நான் பாக்காத மரமா?"

"பாத்த மரமெல்லாம் உன் தலைக்கு மேல தொங்கல."

"பயமா இருந்தா நீ வீட்டுக்குப் போம்மா," என்றார் மேற்பார்வையாளர்.

"பயம்தான் சார். பயமில்லாதவங்களை நான் மெஷின் பக்கமே விடமாட்டேன்."

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. வெட்டச் சொல்பவரே தன் கையால் மரத்தில் சாக்பீஸ் கோடு போட வேண்டும். ஒருமுறை வாய்ச்சொல்லை நம்பி யார் வீட்டு நிழல்மரத்தையோ சாய்த்துவிட்டு, ஒரு வாரம் வாங்கிக் கட்டிக்கொண்டோம். அன்றிலிருந்து கோடு இல்லாமல் ரம்பம் ஓடாது. சட்டைப் பையிலிருந்து சாக்பீஸை எடுத்து நீட்டினேன்.

"கோடு போடுங்க சார். தாங்குற மரத்துல, இடுப்பு உயரத்துல."

"இதுக்கெல்லாமா கோடு?"

"வழக்கம் சார்." என் தலைக்கவசத்தையும் கழற்றிக் கொடுத்தேன்.

வீட்டு வாசல்களில் ஆட்கள் கூடிவிட்டார்கள். அவரால் மறுக்க முடியவில்லை. கவசத்தை மாட்டிக்கொண்டு நடந்தார். ஏழெட்டு அடியில் தொங்கலின் நிழல் தொடங்கியது. அண்ணாந்து பார்த்தார். மேலே கவையில் ஏதோ முனகியது, கொஞ்சம் பட்டைத்தூள் உதிர்ந்தது. அவ்வளவுதான். அவர் பார்வையை மேலேயே வைத்தபடி பின்னால் நடந்து வந்தார். சாக்பீஸை அண்ணனிடம் நீட்டினார்.

"நீயே போட்டுக்கோப்பா."

அண்ணன் சாக்பீஸைப் பார்த்தான், அவரைப் பார்த்தான். வாங்கவில்லை. மெஷின் சங்கிலிக்கு உறையை மாட்டி வண்டியில் வைத்தான்.

வேலை செய்ய மறுத்தார்கள் என்று எங்கள் இருவர் மேலும் எழுதிக்கொண்டு அவர் போனார். மரத்தின் உயரத்தைப் போல் இரண்டு மடங்கு தூரம் விட்டு இரு பக்கமும் எச்சரிக்கை நாடா கட்டினோம். மூன்று மணிக்குப் பெரிய அதிகாரியின் கார் வந்தது, நாடாவைப் பார்த்தது, திரும்பி அடுத்த தெரு வழியாகப் போனது.

"என் வேலையைக் கெடுத்துட்ட," என்றான் அண்ணன், திரும்பும்போது.

"கெடுத்தேன். நாளைக்கும் கெடுப்பேன்."



மறுநாள் வின்ச் வந்தது. வடத்தை மாட்டித் தூரத்திலிருந்து இழுத்தார்கள். மரம் மெத்தையில் படுப்பதுபோல் இறங்கிப் படுத்தது. உள்ளதைச் சொன்னால் எனக்கு ஏமாற்றம்தான். கவை பிளந்து பெரிதாக ஏதாவது சரிந்திருந்தால் நான் சொன்னது எல்லாருக்கும் புரிந்திருக்குமே.

மேற்பார்வையாளர் இதற்காகவே காத்திருந்தவர் போல அருகில் வந்தார். "பாத்தீங்களா, ஒண்ணுமே ஆகல. இதுக்கா நேத்து அவ்வளவு ஆர்ப்பாட்டம்?"

நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணன் முந்திக்கொண்டான்.

"ஆமா சார், ஒண்ணும் ஆகல. இன்னைக்குக் காலைல என் பொண்ணுக்கு நான்தான் தலை வாரி விட்டேன்." மெஷினின் உறையைக் கழற்றினான். "பட்டியல்ல என் பேரை அடிக்கணும்னா அடிச்சுக்குங்க. தொங்கலுக்குக் கீழ நான் போக மாட்டேன்."