பச்சை ஸ்டிக்கர்

எடை போடும் நாள் என்றால் மையத்தில் அழுகைக்குக் குறைவிருக்காது. கூரையிலிருந்து தொங்கிய தராசின் துணித்தொட்டிலில் ஒரு பிள்ளை இறங்கி அழுதால், வரிசையில் இருந்த மற்றதுகளும் காரணம் கேட்காமல் சேர்ந்துகொண்டன. பல்லி மட்டும் அழவில்லை. அக்காவின் இடுப்பில் உட்கார்ந்து வீட்டுப் பூட்டைச் சப்பிக்கொண்டிருந்தான்.

ஆபீஸ் கட்டடங்களைத் துடைக்கப் போகும் அம்மாவுக்கு அன்று மதியத்துக்கு மேல்தான் வேலை. அவள் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்ததால் கதவைப் பூட்ட வேண்டியிருக்கவில்லை. அவனுக்கு அந்தப் பூட்டைவிடப் பெரிய விளையாட்டுச் சாமான் உலகத்தில் கிடையாது. மற்ற நாட்களில் அதைக் கதவோடு விட்டுவர மனமில்லாமல் தெருமுனைவரை அழுவான்.

பல்லி என்று பேர் வைத்தது மையத்துச் சமையல்காரம்மா. முதன்முதலாகத் தூக்கிவந்தபோது அவன் அக்காவின் தோளில் ஒட்டிக்கொண்டிருந்த லட்சணம் அப்படி. எடை குறைந்த பிள்ளைகளுக்கான மையம் அது. காலையில் கொண்டுபோய் விட்டால் பாலும் முட்டையும் மதியச் சாப்பாடும் கொடுத்து, தூங்கவைத்து, சாயங்காலம் திருப்பித் தருவார்கள். அந்தந்தப் பிள்ளையின் வயசுக்குத் தக்கபடி தராசில் டீச்சர் ஒரு பச்சை ஸ்டிக்கரை ஒட்டுவாள். முள் அதைத் தாண்டிவிட்டால் கைதட்டி வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அந்த இடம் அடுத்த பிள்ளைக்கு.

அந்தக் கைதட்டலுக்குத்தான் ஒரு வாரமாக அக்கா பயந்துகொண்டிருந்தாள். இடம் போனால் கொஞ்ச நாள் நீ பள்ளிக்கூடம் போகாமல் வீட்டில் இருந்து அவனைப் பார்த்துக்கொள் என்று அம்மா சொல்லிவிட்டாள். எதிர்வீட்டு அக்காவும் கொஞ்ச நாள் என்றுதான் பத்தாம் வகுப்பில் நின்றாள். இப்போது அவள் கூலிக்குக் கவர் ஒட்டுகிறாள். அவளுடைய புத்தகங்கள் பழைய பேப்பர்காரரோடு போய்விட்டன.

எடை போடுவதற்கு முந்தின நாள் சாயங்காலம், தட்டு கழுவிக்கொண்டிருந்த சமையல்காரம்மா பக்கத்தில் பல்லியின் அக்கா குந்தி, யாருக்கும் கேட்காத குரலில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். பயமாயிருக்கு என்று அழுதாள்.

"நல்லா இருக்குடி கத. புள்ளைங்க எடை ஏறலன்னா எனக்குத் திட்டு. ஏறினா உனக்கு அழுகையா?"

சமையல்காரம்மா கொஞ்ச நேரம் ஒரே தட்டைத் தேய்த்தாள். பிறகு, அவன் முடியை ஒட்ட வெட்டிவிடச் சொன்னாள். காலையில் ஒன்றும் கொடுக்காமல் தூக்கிவரச் சொன்னாள். தராசிலிருந்து இறங்கியதும் முதல் முட்டையைத் தானே ஊட்டிவிடுவதாகச் சொன்னாள்.

முடியை வெட்டியாகிவிட்டது. மண்டை முழுக்க ஏணிப்படி. ஆனால் காலையில் வீட்டில் அக்கா தன் பால் டம்ளரை வாயருகே கொண்டுபோனதும், பல்லி எதிரே வந்து நின்று வாயைத் திறந்து, உள்ளே ஒன்றுமே இல்லை என்று சாட்சி காட்டினான். அவள் திரும்பி உட்கார்ந்தாள். சுற்றி வந்து அந்தப் பக்கமும் காட்டினான். முழு டம்ளரும் அவனுக்கே போனது.

தொட்டிலில் இறக்கியதும் முள் ஸ்டிக்கரைத் தாண்டி ஓடியது. டீச்சர் கைதட்டப் போனாள்.

"இருங்க டீச்சர். பூட்டையும் சேத்துல்ல நிறுக்கிறீங்க," என்று அடுப்படியிலிருந்து ஓடிவந்தாள் சமையல்காரம்மா.

பூட்டைப் பிடுங்குவதற்குள் இரண்டு பேர் கடி வாங்கினார்கள். முள் இறங்கியது. இறங்கி, ஆடி, ஸ்டிக்கருக்கு அந்தப் பக்கமே மயிரிழை தள்ளி நின்றது. அந்த இடைவெளி ஒரு டம்ளர் பாலுக்கு மேல் இருக்காது.

"தாண்டிட்டான்டா என் ராஜா," என்று டீச்சர் காகிதக் கிரீடம் ஒன்றை அவன் ஏணிப்படி மண்டையில் கவிழ்த்தாள். அவளுக்கு நிஜமாகவே சந்தோஷம். அழுதுகொண்டிருந்த பிள்ளைகளெல்லாம் அழுகையை மறந்து கைதட்டின. இனிமேல் இவன் பல்லி இல்லை, உடும்பு என்ற சமையல்காரம்மா, அடுப்புப் புகையைத் திட்டிக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். வாசலில் இடத்துக்காகக் காத்திருந்த ஒருத்தி எல்லோரையும்விடப் பலமாகத் தட்டினாள். அவள் தோளில் ஒரு பிள்ளை, தலையைத் தூக்கத் தெம்பில்லாமல் ஒட்டிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்தபடி அக்காவும் தட்டினாள்.

மறுநாள் அம்மா விடியும் முன்பே வேலைக்குக் கிளம்பிவிட்டாள். பள்ளிக்கூட மணி அடித்தபோது, பல்லி கிரீடத்தோடு வாசற்படியில் உட்கார்ந்து பூட்டைத் தரையில் தட்டிக்கொண்டிருந்தான். நேரமாகியும் யாரும் அதை வாங்கிக் கதவில் மாட்டவில்லை. சந்தேகத்தோடு அக்காவை நிமிர்ந்து பார்த்தான். அவள் கழுத்தில் தொங்கிய சாவியையும் கழற்றி அவன் கையில் கொடுத்தாள். அவனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.