ஆறே நிரப்பிய குழி

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்று பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். ஆற்றிலிருந்து எடுப்பதையும் அளந்து எடு என்று சொல்ல ஏனோ மறந்துவிட்டார்கள். சொல்லியிருந்தாலும் கரண்டிக்காரர் கேட்டிருப்பாரா என்பது சந்தேகம்தான்.

ஆற்றில் மணல் அள்ளும் பொக்லைனை ஓட்டுகிறவர் அவர். சொந்த வண்டி இல்லை, ஆனால் சொந்தக் கைபோல ஓட்டுவார். அதன் இரும்புக் கரண்டியை அவர் ஆட்டுகிற லாவகத்தைப் பார்த்து யாரோ வைத்த பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. லாரியில் அவர் கொட்டினால் ஒரு பிடி மணல் வெளியே சிந்தாது. எந்த இடத்தில் பொடி மணல், எந்த இடத்தில் தோண்டினால் களிமண் முட்டும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. நல்ல மணல் ஆற்று வளைவுக்குக் கீழே கிடந்தது. அங்கே அவர் தோண்டிய குழிக்குள் லாரியை இறக்கினால் மேலே நிற்பவனுக்கு அதன் கூரைகூடத் தெரியாது.

"இவ்வளவு ஆழமா எதுக்கு மாப்பிள்ளை? பாதாளத்துல யாராவது சொந்தக்காரங்க இருக்காங்களா?" என்று மச்சான் கேலி செய்வார். மச்சான் என்றால் மனைவியின் அண்ணன். மணல் லாரி ஓட்டுகிறவர்.

"மழை வரட்டும் மச்சான். குழியை ஆறே நிரப்பிடும். வருஷா வருஷம் நிரப்புதுல்ல?"

நிரப்பத்தான் செய்தது. எதை எடுத்து நிரப்புகிறாய் என்று இவரும் ஆற்றைக் கேட்டதில்லை.

வளைவுக்கு மேலே, அதே கரையில், ஊரின் இடுகாடு. அதன் ஓரத்தில், தண்ணீரைப் பார்த்த மாதிரி, அவருடைய ஒரே மகள் கிடந்தாள். நான்கு வயதில் ஒரு காய்ச்சல் வந்தது, விடவில்லை. ஊர்க் குழியெல்லாம் மெஷினில் தோண்டியவர் அந்தக் குழியை மட்டும் மண்வெட்டியால் தோண்டினார். ஒத்தாசைக்கு வந்தவர்களைக் கிட்டே விடவில்லை. மண்ணைத் தள்ளப் போகிற நேரத்தில் மனைவி வீட்டுக்கு ஓடிப்போய் மகளின் சிவப்புச் செருப்பை எடுத்துவந்து பிள்ளையின் காலில் மாட்டினாள். "வெறுங்காலோட நடந்து அவளுக்குப் பழக்கமில்ல" என்றாள். யாரும் தடுக்கவில்லை. தடுக்க யாருக்கு நெஞ்சு வரும்?

அன்று முதல் மனைவிக்குச் சாயங்காலம் என்றால் இடுகாடுதான். மேட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அன்றைய சங்கதியெல்லாம் சொல்வாள். எதிர்வீட்டுப் பூனை குட்டி போட்டது, அப்பா சட்டையைக் கிழித்துக்கொண்டு வந்தது, மாமா லாரிக்குப் புது ஹாரன் மாட்டியது. சொல்லி முடித்து ஒரு பாட்டம் அழுதுவிட்டு வந்தால்தான் அவளுக்குச் சோறு இறங்கும். அக்கம்பக்கத்தில் சிலர் இவளுக்குப் பித்துப் பிடித்துவிட்டது என்றார்கள். பேசட்டும். பிள்ளையைப் பறிகொடுத்தவள் எப்படித் துக்கப்பட வேண்டும் என்று அடுத்த வீட்டுக்காரர்களுக்குத்தானே தெரியும்.

அந்த வருஷம் மழைக்கு முன்னால் ஒருநாள் வந்து சொன்னாள்:

"என்னங்க, பாப்பாவுக்குப் பக்கத்துல மண்ணு பிளந்திருக்கு. விரல் நுழையுது. கரை சரியுற மாதிரி இருக்கு. எடுத்து உள்பக்கமா வெச்சிரலாமா?"

"வெயில்ல மண்ணு பிளக்காம என்ன செய்யும்? ஆறு அந்தப் பக்கமே வராது."

"நிச்சயமா?"

"எனக்குத் தெரியாத ஆறா? மழை முடியட்டும், பார்த்துக்கலாம்."

தெரிந்ததால் சொன்ன பேச்சில்லை அது. மறுபடி மண்வெட்டியை எடுத்து அந்த மண்ணைத் திறக்க அவருக்குப் பயம். உள்ளே என்ன இருக்கும், எப்படி இருக்கும் என்று நினைக்கவே முடியவில்லை. பயம் என்று சொன்னால் அவள் புரிந்துகொண்டிருப்பாள், அண்ணனை வைத்தாவது காரியத்தை முடித்திருப்பாள். இவர் பயத்துக்கு அனுபவசாலி வேஷம் போட்டுவிட்டார். அவளும் நம்பினாள். ஆற்று விஷயத்தில் அவர் சொல்லை நம்பாமல் வேறு யார் சொல்லை நம்புவது?

மழை வந்தது. மேலே எங்கோ கொட்டித் தீர்த்தது, இங்கே ஆறு காவி நிறத்தில் இரைந்துகொண்டு வந்தது. வந்த வெள்ளம் நேராகக் குழிக்குள் விழுந்தது. விழுகிற தண்ணீர் சும்மா விழாது, விழும் இடத்து விளிம்பை அரிக்கும். விளிம்பு இடிந்தால் கொஞ்சம் மேலே தள்ளி விழும், அங்கேயும் அரிக்கும். அப்படியே தின்றுகொண்டு வளைவைத் தாண்டி மேலே ஏறியது. ஆற்றின் அடிமட்டம் இறங்க இறங்க, கரைக்குக் காலடியில் பிடிமானம் இல்லாமல் போனது.

தகவல் வந்து இவர் ஓடியபோது காலை வெளிச்சம் நன்றாகவே இருந்தது, எல்லாமே தெளிவாகத் தெரிந்தது. கத்தியால் வெட்டியதுபோலக் கரை செங்குத்தாக நின்றது. இடுகாட்டு வேலியின் கம்பி அந்தரத்தில் தொங்கியது. புதைமேடுகளின் ஓர வரிசை முழுக்க இல்லை. மனைவி அவருக்கு முன்பே வந்து நின்றிருந்தாள். அவள் அழவில்லை, அவரைத் திட்டவும் இல்லை.

"செருப்பு மிதக்கும்ல?" என்று மட்டும் கேட்டாள்.

இருவரும் கரையோரமாகக் கீழே வெகுதூரம் நடந்து பார்த்தார்கள். மச்சானும் எதிர்க்கரையில் நடந்தார். ஒன்றும் மிதக்கவில்லை.

வெயில் காலம் வந்து ஆறு வற்றியதும் மணல் வேலையின் மேற்பார்வையாளர் வாயெல்லாம் பல்லாக வந்து நின்றார். "நீங்க சொன்ன மாதிரியே ஆறே நிரப்பிருச்சு, பார்த்தீங்களா?" குழி இருந்த இடமே தெரியவில்லை. விளிம்பு வரைக்கும் புது மணல், வழித்து வைத்த மாதிரி. கரண்டிக்காரர் அதைப் பார்த்தார். அது எங்கிருந்து வந்தது என்பதை யாரும் அவருக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

வேலையை விட்டுவிடத்தான் நினைத்தார். மனைவிதான் வேண்டாம் என்றாள். "வேற ஆளு ஏறினா அவன்பாட்டுக்கு அள்ளிக் கொட்டிட்டுப் போயிருவான். நீங்கன்னா பார்ப்பீங்க."

பார்த்தார். ஒவ்வொரு கரண்டியையும் தரையில் மெல்லப் பரப்பி, வண்டியிலிருந்து இறங்கி, கையால் துழாவிவிட்டு, மறுபடி ஏறி, லாரியில் போட்டார். லாரிகள் வரிசையாகக் காத்துக் கிடந்தன. வசவு வந்தது, ஹாரன் அலறியது. மச்சான் தன் லாரியைக் குறுக்கே நிறுத்திவிட்டு வரிசை நெடுக நடந்து போய் ஒவ்வொரு டிரைவரிடமும் ஏதோ சொல்லிவிட்டு வந்தார். அதற்குப் பிறகு ஒருவரும் ஹாரன் அடிக்கவில்லை.

சாயங்காலம் வீட்டு வாசலில் மனைவி நிற்பாள். கேட்கமாட்டாள். அவர் இல்லை என்று தலையை ஆட்டுவார். இருவரும் உள்ளே போவார்கள். குழி மறுபடி காலியானது. சிவப்பாக ஒரு துண்டுகூட வரவில்லை.

கடைசி லாரி போன அன்று வாசலில் அவள் இல்லை. தேடிப் போனார். இரண்டு தெரு தள்ளி, புதிதாக எழும்புகிற ஒரு வீட்டின் முன்னால் நின்றிருந்தாள். உள்ளங்கையை ஈரச் சுவரில் வைத்திருந்தாள்.

"அம்மா, பூச்சு இன்னும் காயல. கை வைக்காதீங்க" என்று கொத்தனார் சாரத்தின் மேலிருந்து சொன்னார். அவள் கையை எடுக்கவில்லை.

"வா, போகலாம்."

"இது அந்தக் குழி மணல்தானே?"

மணலை ஒரு சிட்டிகை எடுத்துத் தேய்த்துப் பார்த்தே எங்கே அள்ளியது என்று சொல்லும் மனுஷன் அவர். "தெரியல" என்றார்.

"அண்ணனைக் கேட்டேன். ஊரு பூரா கொட்டியிருக்கேன், எந்த லோடு எங்கேன்னு எனக்கே ஞாபகமில்லன்னு அதுவும் அழுவுது." அவள் அப்போதுதான் அவர் பக்கம் திரும்பினாள். "நான் உங்களைக் குறை சொல்லலைங்க. முன்னாடி அந்த மேட்டைப் பார்த்து உக்காந்து அழுவேன். இப்போ எந்தப் பக்கம் பார்த்து அழணும்? அதை மட்டும் சொல்லுங்க."

அவர் தெருவின் இந்தக் கோடியைப் பார்த்தார், அந்தக் கோடியைப் பார்த்தார். வாசலுக்கு வாசல் மணல் குவிந்து கிடந்தது.